நாலு விரல் சேறு

மூக்கி கடலுக்குப் போனதே கிடையாது. துறைமுகத்தில் கட்டிப்போட்ட கப்பலில் கால் வைத்தாலே அவளுக்குக் குமட்டும். ஒருமுறை திரையில் ஆடும் கப்பலைப் பார்த்துவிட்டே எழுந்து ஓடினாள் என்று ஆய்வுக்கூடத்தில் ஒரு கதை உலவுகிறது; அதில் பாதியாவது உண்மை. ஆனால் கரையிலிருந்து நூறு கிலோமீட்டர் தள்ளி, கடலின் அடித்தளம் ஆழத்தை நோக்கி இறங்கும் அந்த நீண்ட சரிவில், சேறு எங்கே இறுகிக் கிடக்கிறது, எங்கே தளர்ந்து கிடக்கிறது என்று அவளைப் போலச் சொல்ல அந்த ஊரில் இன்னொரு ஆள் இல்லை. கப்பல்கள் போய் நீளமான இரும்புக் குழாயைச் சேற்றுக்குள் இறக்கி, உள்ளே சிக்கியதை அப்படியே மேலே கொண்டு வரும். மூக்கி குளிரூட்டிய கிடங்கில் ஸ்வெட்டரும் கம்பளிக் குல்லாயுமாக நின்று அதைப் பிளந்து பார்ப்பாள், தொடுவாள், முகர்வாள். பிறகு சொல்வாள். சொன்னால் சொன்னதுதான்.

பட்டப்பெயர் வைத்தது அவளுடைய அண்ணன். பால் திரிவதற்கு அரைநாள் முன்பே சின்ன வயதில் சொல்லிவிடுவாளாம். அந்த மூக்கு அண்ணியின் குளிர்பெட்டியையும் விட்டுவைக்கவில்லை. ஒரே கட்டடத்தில் அண்ணன் குடும்பம் மேல்வீடு, அவள் கீழ்வீடு. மாலையில் படியேறி வந்தால் முதல் காரியமாகக் குளிர்பெட்டியைத் திறப்பாள், பால் பாத்திரத்தின் மூடியைத் தூக்கி முகர்வாள், "நாளைக்குத் தாங்காது அண்ணி" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுத்தான் உட்காருவாள். தீர்ப்பு ஒருமுறையாவது பொய்த்திருந்தால் அண்ணி பொறுத்துக்கொண்டிருப்பாள். பொய்த்ததே இல்லை, அதுதான் எரிச்சல்.

அண்ணிக்கும் பட்டப்பெயர் உண்டு. ஸ்கேல். அலுவலகத்தில் வைத்த பெயர், வீட்டுக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. மூக்கியின் கிடங்கு பின்கட்டடம் என்றால் ஸ்கேலின் மேசை அதே வளாகத்தின் முன்கட்டடம். கடலடியில் கேபிள் போடுவதற்குப் பாதை வரையும் பிரிவு. அவள் வரைந்த கோட்டில் பிசிறு இருக்காது, எழுதிய தாளில் அடித்தல் திருத்தல் இருக்காது. சமையலறை டப்பாக்களில்கூடச் சீட்டு ஒட்டி, சீட்டின் நான்கு மூலையும் ஒழுங்காக இருக்கிறதா என்று தள்ளி நின்று பார்ப்பவள். இப்படிப்பட்ட ஆளின் வீட்டில் ஒருத்தி வந்து மூடியைத் திறந்து திறந்து முகர்ந்தால் எப்படி இருக்கும்?

பதினாறு வருட வேலையில் முதன்முறையாக ஒரு பாதை முழுவதும் ஸ்கேலின் பொறுப்பில் வந்திருந்தது. தூரத்துத் தீவு ஒன்றுக்குப் போகும் கேபிள். இரண்டு வருடம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வரைபடம் பார்த்து, சரிவில் இரண்டு பள்ளத்தாக்குகளுக்கு நடுவே வழவழவென்று கிடந்த ஒரு பரப்பைக் கண்டுபிடித்திருந்தாள். மேடு இல்லை, பாறை இல்லை, தரைவிரிப்பு மாதிரி ஒரே சீர். அதன் நட்டநடுவே நேராக ஒரு கோடு. அதைப் பார்த்தவர்கள் எல்லாரும் மெச்சினார்கள். வியாழக்கிழமை மூன்று மணிக் கூட்டத்தில் தலைமைப் பொறியாளர் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. கேபிளைச் சுருட்டி ஏற்றிக்கொண்டு கப்பல் துறைமுகத்தில் தயாராக நின்றது.

அந்த வியாழன் காலை பத்து மணிக்கு மூக்கி கிடங்கிலிருந்து கூப்பிட்டாள். கொஞ்சம் வந்துவிட்டுப் போகச் சொன்னாள். எதற்கு என்று சொல்லவில்லை. ஸ்கேல் முணுமுணுத்துக்கொண்டே போனாள்.

கிடங்கில் நீளமான மேசை, மேலே வெள்ளை விளக்கு, சுவரோரம் அடுக்கடுக்காகச் சேற்றுக் குழாய்கள், இரும்புக் குழாய்க்குள் உறையாகச் செருகியிருந்து சேற்றோடு வெளியே வந்த பிளாஸ்டிக் குழாய்கள். மேசைமேல் பதினோராம் புள்ளியின் குழாய்கள் இருந்தன. பாதையின் நடுப்பகுதியில், வழவழப் பரப்பில் எடுத்தவை. ஒவ்வொன்றும் ஒரு மீட்டர், மொத்தம் ஆறு. முதல் இரண்டையும் மூக்கி போன வாரமே சோதித்து, நன்றாக இருக்கிறது என்று முன்கட்டடத்துக்கு எழுதியிருந்தாள். மூன்றாவதை அன்று காலைதான் நெடுக்காகப் பிளந்திருந்தாள்.

உள்ளே சாம்பலும் பச்சையும் கலந்த சேறு. அதில் ரொட்டியைக் கிழித்தால் தெரியுமே, அந்த மாதிரிச் சின்னச் சின்ன ஓட்டைகள். நடுவில் ஒரு வெள்ளைச் சிப்பி. மூக்கி அதைத் தூரிகையால் சுத்தம் செய்து வைத்திருந்தாள். இரண்டு ஓடும் மூடியபடி, நெட்டுக்குத்தலாக நின்றது.

"மேலேர்ந்து உருண்டு வந்து விழுந்ததுன்னா ஓடு ரெண்டும் தனித்தனியாப் படுத்துக் கிடக்கும்," என்றாள் மூக்கி. "இது நிக்குது பாருங்க. இங்கயே பொறந்து, இங்கயே வாழ்ந்து, இங்கயே செத்தது."

பிறகு அவள் சொன்னதை ஸ்கேல் அதற்கு முன் புத்தகத்தில் படித்திருந்தாள். ஆனால் மூக்கி சொல்லும்போதுதான் அது நடக்கிற காரியமாகத் தெரிந்தது. கடலடியில் சில இடங்களில் ஆழத்துச் சேற்றில் ஊறிய வாயு விரிசல் வழியாக மெதுவாகக் கசிந்து மேலே வரும். வெந்நீர் ஊற்று இல்லை, குளிர்ந்த கசிவு. வெளிச்சம் எட்டிப் பார்க்காத அந்த இருட்டில் அந்த வாயுவைத் தின்று நுண்ணுயிர்கள் பிழைக்கும். அவற்றைத் தன் உடம்புக்குள்ளேயே குடிவைத்துக்கொண்டு இந்தச் சிப்பி பிழைக்கும். சூரியனைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. கசிவு நிற்காத வரை, தலைமுறை தலைமுறையாக ஒரு ஊரே அங்கே நடக்கும். மூக்கி பேசும்போது அவள் விரல் சிப்பியைத் தொடாமல், ஒரு நூலிடை தள்ளியே நகர்ந்தது. கடலுக்கே போகாத ஒருத்திக்கு அதன் அடித்தளத்து அக்கம்பக்கம் எல்லாம் அத்துப்படி என்பதை நினைத்தபோது ஸ்கேலுக்கு உடம்பு சிலிர்த்தது. அது குளிரினால் இல்லை.

சிலிர்ப்பு அடங்குவதற்குள் இன்னொன்று உறைத்தது. கசிவு என்றால் வாயு. வாயு என்றால்?

"சேத்துல ஒவ்வொரு மணியும் கீழ இருக்கிற மணி மேல உக்காந்திருக்கணும் அண்ணி. இங்க பாதிப் பாரத்தை வாயுதான் தாங்கிட்டு இருக்கு. சரிவுல, வாயு மேல உக்காந்திருக்கிற சேறு. ஒரு சின்ன நிலநடுக்கம் வந்தாப் போதும், மொத்தமா வழுக்கிட்டுப் போயிடும்." மூக்கி சுவரில் இருந்த வரைபடத்தைக் காட்டினாள். வழவழப் பரப்பின் மேல்விளிம்பில் பிறை போல ஒரு வளைவு மங்கலாகத் தெரிந்தது. "ஒருதடவை அப்படிப் போன இடம்தான் இது. அதான் இவ்வளவு வழவழன்னு இருக்கு."

ஸ்கேல் அந்த வளைவை இரண்டு வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழகான வளைவு என்றுதான் நினைத்திருந்தாள்.

மூக்கி நாலாவது குழாயை எடுத்தாள். இன்னும் பிளக்கவில்லை. அந்தக் குளிரிலும் அதன் பிளாஸ்டிக் மூடி லேசாக உப்பியிருந்தது. "எனக்குப் புரியாதது ஒண்ணுதான்," என்றாள். "கப்பல்ல எழுதின தாள்ல, இரும்புக் குழாய் சேத்துல இறங்கினது அஞ்சரை மீட்டர்னு இருக்கு. வந்த சேறு ஆறு மீட்டர். கடல் எவ்வளவு தாராளமா இருந்தாலும் அரை மீட்டர் இனாமாத் தராது. வாயு உப்ப வச்சிருக்கு. அவ்வளவு உப்பினது குழாயை அறுக்கும்போது முனையில பிதுங்கி இருக்கணும். தாள்ல குறிப்புக் கட்டம் சுத்தமா இருக்கு. முனையெல்லாம் கத்தியில வழிச்சு விட்ட மாதிரி இருக்கு."

ஸ்கேல் குனிந்து குழாயின் முனையையே பார்த்தாள். மூக்கியும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. குழாயை ஈரத்துணியில் சுற்றி வைத்துவிட்டு, மூன்று மணிக்குத் தானும் கூட்டத்துக்கு வருவதாக மட்டும் சொன்னாள்.

வழித்தது ஸ்கேலின் கைதான். இரண்டு மாதத்துக்கு முன் நடந்தது. பாதைக்குச் சொந்தக்காரி என்ற முறையில் அவளும் அந்தக் கப்பலில் போயிருந்தாள். பதினோராம் புள்ளியில் குழாய் மேலே வந்தபோது உச்சி வெயில். சேறு எடுக்கும் தொழில்நுட்பர் கம்பியில் விரலை நசுக்கிக்கொண்டு கட்டுப் போடப் போய்விட்டார். நின்றுகொண்டிருந்த ஸ்கேல் உதவிக்கு இறங்கினாள். குழாயை மீட்டர் மீட்டராக அறுத்து, முனைகளில் மூடி மாட்டி, தாளில் எழுத வேண்டும். அறுத்த இடத்தில் சேறு மெல்லப் பிதுங்கி வெளியே வந்தது. மூடி உட்காரவில்லை. இப்படி வந்தால் எவ்வளவு வந்தது என்று எழுதி, வாயு போவதற்குக் குழாயில் துளை போட வேண்டும். அந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு அது தெரியும். ஸ்கேலுக்குத் தெரிந்தது ஒழுங்கு மட்டும்தான். கத்தியை எடுத்து, பிதுங்கியதை விளிம்போடு விளிம்பாக வழித்து வாளியில் போட்டாள். மூடி அழகாக உட்கார்ந்தது. குறிப்புக் கட்டத்தை வெற்றாக விட்டாள். பிதுங்கல் கப்பல் மேல்தளத்தின் குளறுபடி, கடலின் செய்தி இல்லை என்றுதான் அவள் எண்ணினாள். வாளி கடலில் கவிழ்ந்தது. அஞ்சரை, ஆறு என்று இரண்டு எண்ணையும் முத்து முத்தான கையெழுத்தில் எழுதியதும் அவளேதான். அவளுடைய ஒழுங்குதான் கடைசியில் அவளைக் காட்டிக்கொடுத்தது.

மத்தியானம் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மேசையில் தன் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோடு போனால் போகட்டும், அதை மாற்றி வரையலாம். ஆனால் சேற்றைச் சீவி எறிந்தவள் என்று தெரிந்தால் இனி யார் அவளை நம்பி ஒரு பாதையைக் கொடுப்பார்கள்? மூக்கிக்கு அது யார் கை என்று தெரியுமா? எட்டு வருடமாக அண்ணி எழுதிய டப்பாச் சீட்டுகளைப் பார்க்கிறவளுக்கு அந்தக் கையெழுத்து தெரியாமல் இருக்குமா? தெரிந்தும் ஏன் கேட்கவில்லை? ஸ்கேல் இந்தக் கேள்விகளை வைத்துக்கொண்டு மூன்று மணி வரை மல்லாடினாள்.

கூட்ட அறையில் ஏசி பழுதாகி நாலு நாள் ஆகியிருந்தது. தலைமைப் பொறியாளர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு தாள்களைப் புரட்டினார். எதிரே கேபிள் கப்பலின் மேலாளர், மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிக் கடிகாரம் பார்க்கிற மனிதர். மூக்கி ஈரத்துணியில் சுற்றிய குழாயோடு உள்ளே வந்தாள். மேசையில் படுக்க வைத்துத் துணியைப் பிரித்தாள், இரண்டு பக்கமும் கட்டை வைத்து உருளாமல் நிறுத்தினாள். பிறகு எல்லா ஜன்னலையும் ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை, அவ்வளவு புழுக்கம்.

பதினோராம் புள்ளியில் வாயு இருப்பதாகத் தன் சந்தேகத்தை அவள் சொன்னாள். தலைமைப் பொறியாளருக்கு அது பிடிக்கவில்லை. போன வாரம்தானே நன்றாக இருக்கிறது என்று எழுதினீர்கள் என்றார். அது மேல் இரண்டு மீட்டர், இன்றைக்கும் அது நன்றாகத்தான் இருக்கிறது என்றாள் மூக்கி. கப்பல் தாளில் எதுவுமே இல்லையே என்று அவர் தாளைத் தூக்கிக் காட்டினார். ஒரு சிப்பியை நம்பிக் கப்பலை நிறுத்த முடியுமா என்று மேலாளர் சிரித்தார். மூக்கி வாதாடவில்லை. ஒரு இருபது நிமிஷம் பொறுத்துக்கொள்ளும்படி கேட்டாள். அதுவரை மற்றப் புள்ளிகளைப் பற்றிப் பேசலாம் என்றாள்.

பேசினார்கள். ஏழாம் புள்ளி, எட்டாம் புள்ளி என்று போய்க்கொண்டிருந்தது. ஸ்கேல்தான் விளக்கிக்கொண்டிருந்தாள், ஆனால் கண் குழாயின் மூடியிலேயே இருந்தது. குளிரில் அடங்கிக் கிடந்தது அறையின் சூட்டில் விழித்துக்கொண்டது. மூடியின் நடுப்பகுதி மெல்ல மெல்ல எழும்பியது. ஒட்டியிருந்த நாடா ஒரு ஓரத்தில் பிரிந்தது. அப்புறம் 'டப்' என்று ஒரு சத்தம். மூடி மேசையைத் தாண்டிப் போய் மேலாளரின் தண்ணீர்க் குவளை மேல் விழுந்தது. பின்னாலேயே சேறு. அவசரமே இல்லாமல், புளித்த மாவு பாத்திரத்தை விட்டு ஏறுகிற மாதிரி, குழாய் வாயிலிருந்து வெளியே வந்து மேசையில் தலை சாய்த்தது. அதன் மேல்பரப்பில் குமிழிகள் வெடித்தன. அழுகிய முட்டை வாடை ஜன்னல் வரை போய் நின்றது.

மேலாளர் கடிகாரம் பார்ப்பதை மறந்திருந்தார். சொல்லப்போனால் அது ஒரு அருமையான காட்சி. கடலடியிலிருந்து ஒரு மீட்டர் சேறு வந்து, இத்தனை படித்தவர்களுக்கு நடுவே, தன்னைப் பற்றித் தானே சொல்லிவிட்டது. அதற்கு எவ்வளவு சூடு வேண்டும், எவ்வளவு நேரம் வேண்டும் என்று கணக்காகத் தெரிந்து, ஜன்னலையும் திறந்து வைத்துவிட்டுக் கைகட்டி உட்கார்ந்திருக்கிறாளே, அவளைத்தான் ஸ்கேல் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்படி ஒருத்தி தன் வீட்டுப் படியேறி வந்து பாலை முகர்ந்துவிட்டுப் போகிறாள் என்பதில் அவளுக்கு அந்தக் கணம் பெருமையாகக்கூட இருந்தது.

தலைமைப் பொறியாளர் தாளைக் கீழே வைத்தார். இவ்வளவு வாயு இருந்தால் கப்பலிலேயே தெரிந்திருக்குமே, ஏன் எழுதவில்லை என்று கேட்டார்.

மூக்கி ஒரு நொடி தாமதித்தாள். "கப்பல் ஆடுற இடம் சார். எழுத விட்டுப்போயிருக்கும்."

அவ்வளவுதான், தப்பிக்கக் கதவு திறந்துவிட்டது. ஸ்கேல் பேசாமல் இருந்தால் போதும். பாதை மாறும், கப்பல் காத்திருக்கும், தாளில் ஒரு கட்டம் விட்டுப்போனது என்ற அளவில் எல்லாம் முடிந்துவிடும். விரல் நசுங்கிய தொழில்நுட்பரை வேண்டுமானால் ஒருமுறை கடிந்துகொள்வார்கள். நாத்தனார் அண்ணிக்காகத் தன் வாழ்நாளில் முதல் பொய்யைச் சொல்லியிருந்தாள். சேற்றைப் பற்றி ஒருநாளும் பொய் சொல்லாதவள்.

ஸ்கேல் எழுந்து நின்றாள்.

"விட்டுப்போகலை சார். பிதுங்கி வந்துச்சு. நான்தான் சீவி எறிஞ்சேன். மூடி ஒழுங்கா உக்காரணும்னு."

தலைமைப் பொறியாளர் அவளை நிமிர்ந்து பார்த்தார். அவர் வாயில் என்ன வந்ததோ, அது வெளியே வருவதற்குள் மூக்கி பேனாவைத் திறந்துவிட்டாள். அவள் குரலில் குற்றம் இல்லை, இரக்கமும் இல்லை. வேலை செய்யும்போது வருகிற குரல் அது.

"எந்தக் குழாயில எவ்வளவு?"

ஸ்கேல் கண்ணை மூடிக்கொண்டாள். உச்சி வெயில், கத்தி, வாளி. ஒழுங்காக ஒரு வேலையைச் செய்தவளுக்கு அது ஒழுங்காக நினைவிலும் இருக்கும். "முதல் குழாய்ல ஒண்ணுமே இல்லை. ரெண்டாவதுல ஒரு விரல். மூணாவதுல ரெண்டு." கையைத் தூக்கிக் கட்டைவிரலை மடக்கிக் காட்டினாள். "நாலாவதுல நாலு. அஞ்சுல ரெண்டு. ஆறாவதுல ஒண்ணு, அதுகூட முழுசா இல்லை."

மூக்கி எழுதியதை ஒருமுறை பார்த்தாள். அவள் முகம் மலர்ந்தது. இந்த இடத்தில் மலரக் கூடாது என்று அவளுக்குத் தெரியவே இல்லை. "ஏறி இறங்குது பாருங்க சார். வாயு மொத்தமாப் பரவி இல்லை. நாலாவது மீட்டர்லதான் அடைஞ்சு கிடக்கு. பழைய சரிவு வழுக்கின தளமும் அதுவாத்தான் இருக்கும். இது தெரியாம நான் இன்னும் ரெண்டு மாசம் தேடியிருப்பேன். அதே ஆழத்துல பரப்பு முழுக்கப் பார்த்தாப் போதும், எதுவரைக்கும் ஆபத்துன்னு சொல்லிடலாம்." பிறகு அண்ணியைப் பார்த்து, இவ்வளவு ஞாபகம் யாருக்கு இருக்கும் என்று எல்லார் முன்னாலும் கேட்டாள்.

அதற்காகத் தலைமைப் பொறியாளர் உருகிவிடவில்லை. பாதையை ஸ்கேலின் பொறுப்பிலிருந்து எடுத்துவிட்டார். புதிய கோடு ஒன்றை வேறொருவர் வரைவார். கப்பல் மூன்று வாரம் நிற்பதற்கான காரணத்தை அவள் பெயரோடு எழுதித் தர வேண்டும். அவள் அங்கேயே உட்கார்ந்து எழுதினாள். அதிலும் அடித்தல் திருத்தல் இல்லை. வெளியே வரும்போது அழுகை வந்தது, அடக்கிக்கொண்டாள்.

மாலையில் மூக்கி படியேறி வந்தாள். அன்று அவள் குளிர்பெட்டிப் பக்கமே போகவில்லை. நேராக வந்து சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, பையிலிருந்து ஒரு இரும்பு ஸ்கேலை எடுத்து வைத்தாள். ஸ்கேல் அதைப் பார்த்தாள், தன்னைக் கேலி செய்கிறாளோ என்று ஒரு கணம் முகம் சுருங்கியது. பேச்சை மாற்ற, பாலை முகரவில்லையா என்று கேட்டாள்.

"கதவுகிட்டயே தெரிஞ்சுது, மாத்திடுங்க," என்றாள் மூக்கி. "கையை நீட்டுங்க அண்ணி. நாலு விரல்னு அறிக்கையில எழுத முடியாது. எத்தனை சென்டிமீட்டர்னு கேப்பாங்க."

ஸ்கேல் வலதுகையை மேசைமேல் வைத்தாள். மூக்கி கட்டைவிரலை மடக்கிவிட்டு, மற்ற நான்கையும் ஒன்றோடொன்று சேர்த்துப் பிடித்து, குறுக்கே இரும்பு ஸ்கேலை வைத்துக் குனிந்து பார்த்தாள். அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் வந்தது. மூக்கி அதைக் கண்டுகொள்ளவில்லை, கை ஆடாமல் இருக்கும்படி மட்டும் சொன்னாள்.

"ஏழு புள்ளி நாலு," என்று சொல்லிக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். எழுதிய பிறகும் அண்ணியின் கையை அவள் விடவில்லை.